விலை முன்னே, விலை பின்னே: ஃபால்கன் பஞ்சும் ரெஸ்டும்

சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் ஆட்டத்தில் உயிர்ப்பட்டை கிடையாது. வாங்கிய அடியெல்லாம் சதவீதமாக ஏறிக்கொண்டே போகும். சதவீதம் ஏற ஏற, அடுத்த அடியில் பறக்கும் தூரமும் கூடும். மேடையின் எல்லையைத் தாண்டிப் பறந்துவிட்டால் ஒரு ஸ்டாக், அதாவது ஒரு உயிர், காலி. மசாஹிரோ சகுராய் 1999இல் நின்டென்டோ 64க்காக உருவாக்கிய இந்த அடிப்படை, 2018இல் வந்த அல்டிமேட் வரை மாறவே இல்லை. புதிதாக ஆட வருபவர்கள் இருப்பதிலேயே பலமான அடியைத் தேடிப் பிடித்து, அதையே ஓயாமல் அடிப்பதற்கும் இதுதான் காரணம். அப்படித் தேடுபவர்களின் கண்ணில் முதலில் படுபவை இரண்டு: கேப்டன் ஃபால்கனின் ஃபால்கன் பஞ்ச், ஜிக்லிபஃபின் ரெஸ்ட். 2001இல் கேம்கியூபுக்கு வந்த மெலீயை வைத்தே இவற்றை ஒப்பிடுகிறேன். இரண்டின் குணமும் அதில்தான் மிகத் துலக்கமாகத் தெரிகிறது.

ஏற்றும் சதவீதத்தைப் பொறுத்தவரை பெரிய வேறுபாடு இல்லை. சரியாகப் பட்டால் இரண்டுமே ஒரே அடியில் 25க்கு மேற்பட்ட சதவீதத்தை ஏற்றுபவை. முக்கியமான வேறுபாடு நேரத்தில் இருக்கிறது. இந்த ஆட்டம் வினாடிக்கு 60 பிரேம் வேகத்தில் ஓடுகிறது. ஃபால்கன் பஞ்சுக்கு பட்டனை அழுத்தினால், கேப்டன் ஃபால்கன் கையைப் பின்னுக்கு இழுத்து, தன் குத்தின் பெயரைக் கத்தி, 50 பிரேம் கடந்த பிறகுதான் குத்து போய்ச் சேரும். கிட்டத்தட்ட ஒரு வினாடி. கண்ணால் பார்த்துக் கை அசைய மனிதருக்குக் கால் வினாடி போதும். அதாவது எதிராளி குத்தைப் பார்த்து, யோசித்து, விலகி, திருப்பி அடிக்கவும் நேரம் இருக்கிறது. ரெஸ்ட் அப்படியில்லை. பட்டனை அழுத்திய முதல் பிரேமிலேயே அடி விழுந்துவிடும். பார்த்துத் தடுக்க உலகத்தில் எவராலும் முடியாது. ஆனால் அடித்த கையோடு ஜிக்லிபஃப் தூங்கிவிடுகிறது. அந்தத் தூக்கம் ஏறத்தாழ நான்கு வினாடி நீளும். தொடக்கத்தில் அரை வினாடிக்கும் குறைவான நேரம் மட்டும் அதன்மேல் எந்த அடியும் படாது. மிச்ச நேரம் முழுக்க அது வெறும் இலக்கு.

ஆக, ஒரு அடியின் விலையை முன்கூட்டியே கட்ட வேண்டும், மற்றதன் விலையைப் பிறகு கட்ட வேண்டும். எப்போது அடிப்பது என்ற கேள்விக்கான விடை முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே வருகிறது என்பது என் கருத்து. ஃபால்கன் பஞ்சை அடிப்பவர், எதிராளி இன்னும் ஒரு வினாடியில் எங்கே இருப்பார் என்று ஊகித்தாக வேண்டும். ரெஸ்டை அடிப்பவர், எதிராளி இந்தக் கணத்தில் எங்கே இருக்கிறார் என்று தெரிந்திருந்தால் போதும். ஊகத்தைவிடத் தகவல் உறுதியானது. உயர்மட்டப் போட்டிகளில் ரெஸ்ட் அன்றாட ஆயுதமாகவும் ஃபால்கன் பஞ்ச் அபூர்வமாகவும் இருப்பது இதனால்தான்.

ரெஸ்டின் எல்லை மிகச் சிறியது. எதிராளியின் உடலோடு ஜிக்லிபஃபின் உடல் ஏறக்குறைய ஒன்றியிருந்தால்தான் அது படும். அதனால் நல்ல ஆட்டக்காரர்கள் ரெஸ்டை வெறுமனே வீசிப்பார்ப்பதில்லை. அதற்கு இட்டுச்செல்லும் வழியைப் போட்டுக்கொள்கிறார்கள். ஃபாக்ஸ், ஃபால்கோ போல வேகமாகக் கீழே விழும் பாத்திரங்களைப் பிடித்து மேலே எறிந்தால், அவர்கள் இறங்கும் நேரத்தில் ஜிக்லிபஃப் எம்பிச் சேர்ந்துவிடலாம். வானில் மேல்நோக்கி அடித்த அடி பட்டால், அதைத் தொடர்ந்தும் ரெஸ்ட் அமையும். ஃபாக்ஸ் ஐம்பது சதவீதத்தை எட்டும் முன்பே அந்த ஸ்டாக் போய்விடக்கூடும். 2016இல் எவோ போட்டியின் மெலீ பட்டத்தை வென்ற ஹங்ரிபாக்ஸின் ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். முதுகுப்பக்க வான்உதையால் எதிராளியைத் தள்ளித்தள்ளிக் காத்திருப்பார். தவறு நடந்த நொடியில் ரெஸ்ட் விழும். அந்தப் பொறுமையைச் சலிப்பென்று திட்டியவர்கள் உண்டு. எனக்கு அது இந்த ஆட்டத்தின் மிக நேர்த்தியான கணக்காகவே படுகிறது.

அடி பட்டாலும் கணக்கு முடிவதில்லை. போட்டிகளில் மெலீக்கு நான்கு ஸ்டாக். எதிராளிக்கு ஸ்டாக் மிச்சமிருந்தால் அவர் திரும்பி வருவார். வந்ததும் தூங்கும் ஜிக்லிபஃபை அடிப்பார். மேல் எல்லையைக் கடந்து நட்சத்திரமாகி மறைபவர் திரும்பிவரக் கூடுதல் நேரம் எடுப்பார், பக்கவாட்டில் வெளியேறியவர் சீக்கிரம் வந்துவிடுவார். எதிராளிக்குக் கடைசி ஸ்டாக் என்றால், பட்ட ரெஸ்டுக்கு விலையே இல்லை. அங்கே தயங்குவதுதான் தவறு.

ஃபால்கன் பஞ்சுக்கு எப்போது இடம்? எதிராளியால் ஒரு வினாடி அசைய முடியாதபோது. தற்காப்புக் கவசமான ஷீல்டு உடைந்து மயங்கி நிற்பவர் அதற்கு ஏற்ற இலக்கு. ஆனால் ஜிக்லிபஃபுக்கு இது பொருந்தாது. அதன் ஷீல்டு உடைந்தால் அது நேரே மேலே பறந்து தானே வெளியேறிவிடும். மேடைக்குத் திரும்ப ஒரே வழி மட்டும் மிச்சமிருப்பவரையும் குத்தலாம். எல்லாவற்றையும்விடப் பொருத்தமான தருணம், தவறிப்போன ரெஸ்ட். நான்கு வினாடி தூங்குகிறவரின் முன்னால் ஒரு வினாடிக் குத்து நிதானமாகப் போய்ச் சேரும். ஒருவர் பிறகு கட்ட வேண்டிய விலையும், மற்றவர் முன்பே கட்ட வேண்டிய விலையும் அங்கே ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொள்கின்றன. அப்போதும் ஜிக்லிபஃபின் சதவீதம் ஏறியிருந்தால் கேப்டன் ஃபால்கனின் முட்டி அடியே போதும், ஏனென்றால் மெலீயின் மிக லேசான பாத்திரங்களில் ஜிக்லிபஃப் ஒன்று. சதவீதம் மிகக் குறைவாக இருக்கும்போதுதான் குத்தின் முழு பலமும் தேவைப்படும்.

இன்னொன்றும் உண்டு. ஒரே அடி திரும்பத் திரும்பப் பட்டால் அது ஏற்றும் சதவீதம் குறைகிறது. கடைசியாகப் பட்ட ஒன்பது அடிகளை ஆட்டம் கணக்கில் வைத்திருக்கிறது. அதனால் ஒரே அடியை ஓயாமல் அடிப்பது, சதவீதம் ஏற்றுவதற்கும் நட்டம்தான்.

ஃபால்கன் பஞ்ச் பட்டால் அரங்கம் எழுந்து நின்று ஆர்ப்பரிக்கும். அந்த மகிழ்ச்சி உண்மையானது, ஆட்டத்துக்கு வேண்டியதும்கூட. ஆனால் வெல்வதற்காக இரண்டில் ஒன்றைப் பழகுவதென்றால் ரெஸ்டையே பழகுங்கள். எறிந்துவிட்டு எம்பும் நேரத்தை ஃபாக்ஸை வைத்துப் பயிற்சி மேடையில் கை தானாகச் செய்யும்வரை பழகுங்கள். பட்டனை அழுத்தும் முன், எதிராளிக்கு இன்னும் எத்தனை ஸ்டாக் இருக்கிறது என்று ஒருமுறை திரையின் கீழே பார்த்துக்கொள்ளுங்கள்.