நடுச்சாமச் சடங்கு திருவிழாவான கதை

மொராக்கோவின் அட்லாண்டிக் கரையில் ஓயாமல் காற்று வீசும் ஊர் எஸ்ஸவீரா. 18ஆம் நூற்றாண்டில் சுல்தான் மூன்றாம் முகமது எழுப்பிய துறைமுகம். சகாராவைக் கடந்து வந்த ஒட்டகச் சரக்குகள் இங்கே கப்பலேறின. அந்தப் பாலைவனப் பாதைகளில் மனிதர்களையும் விலைபேசிக் கொண்டுவந்தார்கள். அப்படி வந்த மேற்கு ஆப்பிரிக்கர்களின் வழித்தோன்றல்கள்தான் க்னாவாக்கள்.

அவர்கள் இஸ்லாத்தைத் தழுவினார்கள். பழைய ஆவிகளையும் கைவிடவில்லை. முதன்முதலில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொன்ன பிலாலைத் தங்கள் ஞான முன்னோராக வரித்துக்கொண்டார்கள். அவரும் அடிமைத்தளையிலிருந்து மீண்டவர்தானே!

யாருக்காவது தீராத நோவு, மனக்கலக்கம் என்றால் வீட்டில் 'லீலா' என்னும் இரவுச் சடங்கை நடத்துவார்கள். சாம்பிராணிப் புகை சூழும். 'மாலெம்' எனப்படும் ஆசான், ஒட்டகத்தோல் போர்த்திய மூன்று நரம்பு வாத்தியமான கிம்ப்ரியை மடியில் சாய்த்து மீட்டுவார். சீடர்கள் கையில் கர்கபா என்னும் இரும்புத் தாளங்கள் அதிரும். ஒவ்வோர் ஆவிக்கும் ஒரு நிறம், ஒரு பாட்டு. தன் ஆவிக்குரிய பாட்டு வந்ததும் அருள் வந்தவர் எழுந்து ஆடுவார். அந்த நிறத்துணியை அவர்மேல் போர்த்துவார்கள். விடியும்வரை இது நடக்கும்.

ஊரார் பார்வையில் இவர்கள் நெடுங்காலம் வெறும் தெருப்பாட்டுக்காரர்கள். இவர்களின் இசையை மதிப்பதில் வெளிநாட்டு ஜாஸ் கலைஞர்கள் முந்திக்கொண்டார்கள். ரேண்டி வெஸ்டன் 1960களிலேயே மொராக்கோவுக்கு வந்து இவர்களோடு பழகினார். எஸ்ஸவீராவின் மாலெம் மஹ்மூத் கினியாவுடன் ஃபாரோ சாண்டர்ஸ் சேர்ந்து வாசித்த இசைத்தட்டு 1994இல் வந்தது.

1998இல் நிகழ்ச்சி அமைப்பாளர் நைலா தாஸியும் நண்பர்களும் எஸ்ஸவீராவில் க்னாவா திருவிழாவைத் தொடங்கினார்கள். துறைமுகத்தின் பெருவணிகம் எப்போதோ கசாபிளாங்காவுக்குப் போய்விட்டிருந்தது; ஊர் களையிழந்து கிடந்தது. உள்ளூர் மாலெம் அப்துஸ்ஸலாம் அலிகான் கலைப்பொறுப்பில் கைகொடுத்தார். மூலே ஹசன் சதுக்கத்தில் மேடை, பார்க்கக் கட்டணமில்லை. மாலெம்களும் வெளிநாட்டுக் கலைஞர்களும் ஒரே மேடையில் இணைந்து வாசிப்பதே விழாவின் அடையாளமாயிற்று. கொடி பிடித்து, பெரிய மேளம் முழக்கி, மதில் சூழ்ந்த பழைய ஊருக்குள் ஊர்வலம் வந்துதான் விழா தொடங்கும். இந்தச் சின்ன ஊருக்குக் கூட்டம் லட்சக்கணக்கில் வரத் தொடங்கியது.

சடங்கைக் காட்சிப்பொருளாக்கிவிட்டார்கள் என்று குறைபட்டவர்களும் உண்டு. அதில் நியாயமில்லாமல் இல்லை. விடிய விடிய நடப்பதை ஒருமணி நேர நிகழ்ச்சிக்குள் அடக்க முடியுமா? ஆனால் மாலெம்களுக்கு ஊதியமும் பேரும் கிடைத்தது இந்த மேடையால்தான். அவர்கள் நினைவில் மட்டுமே இருந்த பாட்டுகளைப் பதிவுசெய்யும் வேலையும் விழாக்காரர்களின் முயற்சியில் நடந்தது. 2019இல் யுனெஸ்கோ க்னாவாவை மனிதகுலத்தின் மரபுச்செல்வப் பட்டியலில் சேர்த்தது.