மங்கலும் பன்மை ஏற்பும்: ஒரு சுருக்க வரலாறு

ஒன்றுக்கு மேற்பட்ட ஆன்டெனாக்களைக் கொண்டு அலைமங்கலைச் சமாளிக்கும் முறை, கைபேசிக் காலத்தின் கண்டுபிடிப்பு என்றே பலரும் கருதுகின்றனர். அதன் வேரோ 1920களின் சிற்றலைத் தந்தியில் இருக்கிறது.

நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில், ரிவர்ஹெட் என்னுமிடத்தில், ஆர்.சி.ஏ. நிறுவனம் அட்லாண்டிக் கடந்துவரும் செய்திகளைப் பெறும் நிலையத்தை நடத்தியது. அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும் சிற்றலை பல பாதைகளில் வந்துசேரும். அப்பாதைகளின் அலைகள் சில வேளை ஒன்றையொன்று வலுப்படுத்தும், சில வேளை அழிக்கும். பெவரேஜ், பீட்டர்சன் ஆகிய பொறியாளர்கள், பல நூறு அடி இடைவெளியில் நிற்கும் ஆன்டெனாக்கள் பெரும்பாலும் ஒரே வேளையில் மங்குவதில்லை என்பதைப் பயன்படுத்திக்கொண்டனர். மூன்று ஆன்டெனாக்களின் வெளியீடுகளை ஒன்றுசேர்க்கும் அவர்களது அமைப்பு 1931இல் கட்டுரையாக வெளிவந்தது.

இதன் வலிமையை எளிய கணக்கு காட்டும். ஓர் ஆன்டெனா 100இல் ஒரு பங்கு நேரம் பயனற்றுப்போகுமெனில், ஒன்றையொன்று சாராமல் மங்கும் இரண்டும் சேர்ந்து பயனற்றுப்போவது 10,000இல் ஒரு பங்கு நேரமே. வலுவானதைத் தேர்வதா, சமமாகக் கூட்டுவதா, தரத்திற்கேற்ப எடையிட்டுக் கூட்டுவதா என்னும் மூன்று வழிகளையும் பிரென்னன் 1959இல் ஒப்பிட்டு ஆராய்ந்தார்.

எண்ணிம வானொலி ஓடும் வாகனத்துக்கு வந்தபோது சிக்கல் கூர்மையடைந்தது. பழைய ஒப்புமை ஒலிபரப்பு மங்கினால் இரைச்சல் மிகும். எண்ணிம ஒலியோ ஓர் எல்லைக்குக் கீழே அடியோடு நின்றுவிடும். ஐரோப்பிய டி.ஏ.பி. ஒலிபரப்பின் 200 மெகாஹெர்ட்ஸ் அளவில் அலைநீளம் 1.5 மீட்டர். கட்டடங்கள் சூழ்ந்த இடத்தில் ஏறக்குறைய அரை அலைநீளத்துக்கு ஒரு மங்கல் நேரலாம், 90 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் நொடிக்கு முப்பது முறைக்கு மேல் அதைச் சந்திக்கக்கூடும். எனினும் அரை அலைநீள இடைவெளியில் இரண்டு ஆன்டெனாக்களைப் பொருத்தக் காரின் கூரையே போதும். ரிவர்ஹெட்டின் வயல்வெளி ஒரு மீட்டருக்குள் சுருங்கியது.

அகில இந்திய வானொலி மத்திய அலையில் வழங்கும் டி.ஆர்.எம். எண்ணிம ஒலிபரப்புக்கு இவ்வழி பொருந்தாது. அங்கே அலைநீளமே சுமார் 190 முதல் 560 மீட்டர் வரை; எந்தக் காரின் கூரையும் அதற்குப் போதாது. ஆகவே, தரவின் துணுக்குகளைக் காலத்தில் கலைத்துப் பரப்பி அனுப்பும் உத்தியையும் பிழைதிருத்தக் குறிமுறையையும் டி.ஆர்.எம். நம்பியிருக்கிறது. ஒரு கணத்தின் மங்கல் ஒரு சொல்லை முழுதும் விழுங்காமல், பல இடங்களில் சிறு துணுக்குகளையே கெடுக்கும். இடத்தில் தேடிய பன்மையை இங்கே காலத்தில் தேடுகிறார்கள்.