தூரிகை ஏந்திய சேனை

1914-ஆம் ஆண்டில் சிவப்புக் காற்சட்டை தரித்து யுத்தகளம் புகுந்த பிரெஞ்சுக் காலாட்படையினர், ஜெர்மானியரின் துப்பாக்கிகளுக்குத் தூரத்திலிருந்தே இலக்காயினர்; அச்சிவப்பைக் கைவிட மனமில்லாத அரசியல்வாதிகளின் பிடிவாதத்துக்கு, பாவம், அவர்கள் கொடுத்த விலை அது. மறு ஆண்டே, கிரான் த ஸெவோலா என்னும் ஓவியர் முன்னின்று நடத்த, சித்திரக்காரரும் நாடக அரங்கக் கலைஞரும் சேர்ந்த தனிப்பிரிவொன்றை, பகைவர் கண்ணுக்குப் படாமல் மறைக்கும் வேலைக்கென்றே, ராணுவம் ஸ்தாபித்தது. பீரங்கியின் மீது பச்சையும் பழுப்பும் மஞ்சளுமான திட்டுகளை அதன் விளிம்பைக் குறுக்கே வெட்டுமாறு தீட்டினால், கண்ணானது அவற்றைப் புதராகவும் மண்ணாகவும் நிழலாகவும் தனித்தனியே கொள்ளுமேயன்றிப் பீரங்கியின் உருவத்தை ஒன்றுகூட்டி அறியாது என்பதே அவர்கள் கையாண்ட சூட்சுமம். உருவத்தைத் துண்டுகளாக உடைத்துக் காட்டுவதும், ரசிக சிகாமணிகள் பரிகசித்ததுமான க்யூபிச ஓவியமுறையே இதற்கு ஆதாரமென்று ஸெவோலாவே பிற்காலத்தில் எழுதினார். வர்ணத்தோடு நில்லாமல், குண்டுபட்டு மொட்டையாய் நின்ற மரத்தை அளவெடுத்து, வேவுவீரன் உள்ளே ஏறத்தக்க இரும்புக் கூடொன்றை அதே பட்டையின் தோற்றத்தோடு சமைத்து, அசல் மரத்தை இரவோடிரவாக வீழ்த்தி அவ்விடத்திலேயே அதை நாட்டவும் செய்தனர்.