யுரேனஸின் காந்தமண்டலம்: வாயேஜர்-2 கண்டது இயல்பான நிலையா?

யுரேனஸ் கோளை இதுவரை நெருங்கிச் சென்ற விண்கலம் நாசாவின் வாயேஜர்-2 மட்டுமே. 1986 ஜனவரி 24 அன்று, அக்கோளின் மேகங்களுக்கு மேலே சுமார் 81,500 கி.மீ. தொலைவில் அது கடந்து சென்றது. அன்று கிடைத்த தரவுகளே யுரேனஸின் காந்தமண்டலம் குறித்த நமது அறிவுக்குப் பெரிதும் அடிப்படை. அந்த நாள் யுரேனஸுக்கு வழக்கமான நாள்தானா என்பதே இப்போதைய கேள்வி.

சூரியனிலிருந்து மின்னூட்டம் பெற்ற துகள்கள் இடைவிடாது வெளியேறுகின்றன. சூரியக் காற்று எனப்படும் இந்த ஓட்டத்தை விலக்கி, கோளின் காந்தப்புலம் தன்னைச் சுற்றி அமைத்துக்கொள்ளும் குமிழியே காந்தமண்டலம். இதனுள் அயனிகளும் எலக்ட்ரான்களும் கலந்த பிளாஸ்மா இருக்கும். வியாழனில் இதன் பெரும்பகுதி அயோ நிலவின் எரிமலைகளிலிருந்தும், சனியில் என்செலடஸ் நிலவு பீய்ச்சும் நீராவியிலிருந்தும் கிடைக்கிறது. எனவே, ஒரு நிலவு உயிர்ப்புடன் உள்ளதா என்பதைப் பிளாஸ்மாவே காட்டிக்கொடுத்துவிடும்.

யுரேனஸ் ஏறத்தாழ படுத்த நிலையில் சுழல்கிறது. அதன் காந்த அச்சோ சுழலச்சிலிருந்து சுமார் 59 டிகிரி சாய்ந்தும், கோளின் மையத்திலிருந்து விலகியும் உள்ளது. ஆனால் அறிவியலாளர்களைக் குழப்பியது வேறொன்று. வியாழனுக்கு அடுத்தபடியாகச் செறிவான எலக்ட்ரான் கதிர்வீச்சுப் பட்டைகள் அங்கே காணப்பட்டன. அவற்றுக்குத் தீனியாக வேண்டிய பிளாஸ்மா ஏறக்குறைய இல்லை. நீர் அயனிகளும் தென்படாததால், ஐந்து பெரிய நிலவுகளும் செயலற்றவை என்று கருதப்பட்டது.

2024 நவம்பரில் நேச்சர் அஸ்ட்ரானமி இதழில் வெளியான ஆய்வு இக்கருத்தை அசைத்தது. நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தைச் சேர்ந்த ஜேமி ஜசின்ஸ்கி தலைமையிலான குழு, வாயேஜர்-2 யுரேனஸை அடைவதற்கு முந்தைய நாட்களின் அளவீடுகளை மீண்டும் ஆராய்ந்தது. அந்த வாரத்தில் சூரியக் காற்றின் அழுத்தம் சுமார் 20 மடங்கு உயர்ந்திருந்தது. இதனால் காந்தமண்டலம் நசுங்கி, உள்ளிருந்த பிளாஸ்மா வெளியே தள்ளப்பட்டிருக்கலாம். அதே வேளையில் கதிர்வீச்சுப் பட்டைகளுக்குள் எலக்ட்ரான்கள் செலுத்தப்பட்டிருக்கலாம். இத்தகைய நிலை மொத்தக் காலத்தில் சுமார் 4 சதவீதம் மட்டுமே நிலவும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. வெள்ளம் புகுந்த நாளில் ஓர் ஊரைப் பார்த்துவிட்டு, அதுவே அவ்வூரின் இயல்பு என எழுதிவைத்ததற்கு ஒப்பானது இது.

நிலவுகள் அயனிகளை வெளியிட்டிருந்தும் அவை அன்று துடைத்தெறியப்பட்டிருக்கக்கூடும் என்பதால், அந்நிலவுகளைச் செயலற்றவை என இனி உறுதியாகக் கூற இயலாது. பூமிக்கு அருகே வீசும் சூரியக் காற்றை ஆதித்யா எல்-1 உள்ளிட்ட கலங்கள் தொடர்ந்து அளந்து வருகின்றன. யுரேனஸுக்கு அத்தகைய கண்காணிப்பு இல்லை. அமெரிக்க தேசிய அகாடமிகள் 2022-ல் வெளியிட்ட கோள் அறிவியல் அறிக்கை, அடுத்த பெருந்திட்டங்களில் யுரேனஸைச் சுற்றிவரும் கலத்திற்கே முதலிடம் அளித்துள்ளது.