மரபணுப் பரிசோதனைப் படம்: அது கூறுவதும் கூறாததும்

மார்பகப் புற்றுநோயோ சூலகப் புற்றுநோயோ குடும்பத்தில் பலருக்கு ஏற்பட்டிருந்தால், பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 ஆகிய மரபணுக்களைப் பரிசோதிக்க மருத்துவர் பரிந்துரைக்கலாம். முடிவை விளக்கும்போது, வண்ணக் கோடுகள் நிறைந்த ஒரு படம் கணினித் திரையில் உங்களுக்குக் காட்டப்படக்கூடும். அப்படத்தை எவ்வாறு புரிந்துகொள்வது என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

இப்படம் எவ்வாறு உருவாகிறது?

மனித மரபணுத்தொகை ஏ, சி, ஜி, டி என்னும் நான்கு எழுத்துகளால் ஆனது. அதன் நீளம் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள். பரவலாகப் பயன்படும் கருவிகள் இதனை 150 எழுத்துகள் அளவிலான சிறு துண்டுகளாகப் படிக்கின்றன. அத்துண்டுகள் ஓர் ஒப்பீட்டு வரிசையுடன் கணினியில் பொருத்தப்படுகின்றன. பொருத்திய துண்டுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிக் காட்டுவதே காட்சிப்படுத்தும் மென்பொருளின் பணி. அமெரிக்காவின் பிராட் நிறுவனத்தில் உருவாகி, 2011-இல் ஆய்விதழ் வழியே அறிமுகமான ஐஜிவி இத்தகைய மென்பொருளாகும்.

படத்தில் காணப்படுபவை

• சாம்பல் நிறக் கோடுகள்: ஒவ்வொரு கோடும் உங்கள் மாதிரியிலிருந்து படிக்கப்பட்ட ஒரு துண்டு.
• வண்ணக் குறிகள்: ஒப்பீட்டு வரிசையிலிருந்து வேறுபடும் எழுத்துகள். ஐஜிவியில் ஏ பச்சையாகவும், சி நீலமாகவும், டி சிவப்பாகவும் காட்டப்படும். இங்கு சிவப்பு என்பது எழுத்தின் அடையாளமே. ஆபத்தின் அறிகுறி அன்று.
• மேற்பகுதி வரைபடம்: அவ்விடம் எத்தனை முறை படிக்கப்பட்டது என்பதைக் காட்டும்.

பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்ற மாறுபாடு, ஏறத்தாழப் பாதித் துண்டுகளில் தென்படும். மிகச் சில துண்டுகளில் மட்டும் தென்பட்டால், அது படிக்கும்போது நேர்ந்த பிழையாகவும் இருக்கலாம். அந்நிலையில் வேறொரு முறையில் உறுதிசெய்வது அவசியம்.

படம் கூறாதவை

மாறுபாடு உள்ளதா என்பதை மட்டுமே படம் காட்டும். அது நோயை உண்டாக்குமா என்பதைக் காட்டாது. ஆய்வகங்கள் பிற சான்றுகளையும் ஆராய்ந்து மாறுபாடுகளை ஐந்து வகைகளாகப் பிரிக்கின்றன: நோயுண்டாக்குவது, பெரும்பாலும் நோயுண்டாக்குவது, பொருள் உறுதியாகாதது, பெரும்பாலும் தீங்கற்றது, தீங்கற்றது. "பொருள் உறுதியாகாதது" என்னும் முடிவை மட்டுமே கொண்டு மார்பகத்தையோ சூலகத்தையோ அகற்றும் முடிவை எடுக்கக் கூடாது. புதிய சான்றுகள் கிடைக்கும்போது இவ்வகைப்பாடு மாறக்கூடும்.

மருத்துவர் பரிந்துரையின்றி, வணிகப் பரிசோதனைகளிலிருந்து பெறும் மூலத் தரவுகளில் கூடுதல் கவனம் தேவை. 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், மருத்துவ ஆய்வகத்திற்கு மறுசோதனைக்காக வந்த இத்தகைய மாறுபாடுகளுள் 40 விழுக்காடு தவறானவை எனக் கண்டறியப்பட்டது.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

• எனது மாறுபாடு எந்த வகையைச் சார்ந்தது?
• அது வேறொரு முறையில் உறுதிசெய்யப்பட்டதா?
• வகைப்பாடு மாறினால் எனக்கு எவ்வாறு தெரிவிக்கப்படும்?
• என் குடும்பத்தினரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டுமா?

பிஆர்சிஏ மாறுபாடு உள்ளவரின் ஒவ்வொரு குழந்தைக்கும், ஆணாயினும் பெண்ணாயினும், அது கடத்தப்பட 50 விழுக்காடு வாய்ப்பு உண்டு. எனவே, அறிக்கையைப் பத்திரப்படுத்தி, எந்த முடிவுக்கும் முன் மருத்துவரையோ மரபணு ஆலோசகரையோ கலந்தாலோசிக்கவும்.