பெருந்தொற்றுக் காலத்தில் ஏறுதழுவல் (பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள்)

பெருந்தொற்றுக் காலத்தில் ஏறுதழுவல் என்பது, கோவிட்-19 நோய்ப் பரவலால் 2020 மார்ச்சு மாதத்தில் தமிழ்நாட்டில் நின்றுபோன ஏறுதழுவல் (சல்லிக்கட்டு, மஞ்சுவிரட்டு) நிகழ்வுகள் 2021, 2022 ஆம் ஆண்டுகளில் நோய்த்தடுப்புக் கட்டுப்பாடுகளுடன் மீண்டும் நடத்தப்பட்டதைக் குறிக்கும். இதே காலத்தில் உலகின் பல நாடுகளில் குதிரைப் பந்தயங்களும் நின்று, பின்னர் பார்வையாளர் இன்றித் தொடங்கின. விலங்குகளைக் கொண்டு நடத்தப்படும் போட்டிகள் என்ற அளவில் இரண்டும் ஒத்தவை. ஆனால் பந்தயத் திடலின் வாயிலைப் பூட்டிவிடலாம். ஊரின் நடுவே அமையும் வாடிவாசலுக்கு அவ்வாறு பூட்டுப் போட இயலாது. இக்கட்டுரை பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களை முன்னிறுத்தி இந்நிகழ்வை விளக்குகிறது.

இடமும் பருவமும்

பெரம்பலூர் மாவட்டம் 1995 ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அரியலூர் 2001 இல் தனி மாவட்டமாகி, 2002 இல் மீண்டும் பெரம்பலூருடன் இணைக்கப்பட்டு, 2007 நவம்பர் 23 முதல் தனி மாவட்டமாக இருந்து வருகிறது. பெரும்பகுதி மானாவாரி நிலமாகும். பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம் ஆகியவை பெரம்பலூர்ப் பகுதியின் முதன்மைப் பயிர்கள். அரியலூரின் தெற்கு எல்லையில் கொள்ளிடம் ஆறு ஓடுகிறது.

மதுரை மாவட்டத்தின் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஆகிய மூன்று ஊர்களும் பொங்கலை ஒட்டிய மூன்று நாள்களில் நிகழ்வை முடித்துவிடுகின்றன. செய்தித்தாள்களில் பெரிதும் இடம்பெறுபவை இவையே. ஆனால் மாநிலம் முழுவதற்குமான பருவம் தை முதல் வைகாசி வரை நீள்கிறது. அரியலூர் மாவட்டத்தில் திருமானூர், கோக்குடி முதலிய ஊர்களிலும், பெரம்பலூர் மாவட்டத்தில் அன்னமங்கலம் முதலிய ஊர்களிலும் சல்லிக்கட்டு நடைபெறுவதுண்டு. ஊர்க் கோவில் திருவிழாவையோ மாதா கோவில் திருவிழாவையோ ஒட்டி நாள் குறிக்கும் ஊர்களும் உள. நாள்கள் இவ்வாறு சிதறிக் கிடப்பதால், ஒரே காளை ஒரு பருவத்தில் பல வாடிவாசல்களைக் காண முடிகிறது. காளையுடன் செல்லும் ஆள்களும், மாடுபிடி வீரர்களும் அவ்வாறே ஊர் ஊராகச் செல்கின்றனர். பெருந்தொற்றுக் காலத்தில் கவலை தந்தது இந்தப் போக்குவரத்தே ஆகும்.

2020: பருவம் பாதியில் முறிதல்

இந்தியாவின் முதல் கோவிட்-19 நோயாளி 2020 சனவரி 30 அன்று கேரளத்தில் கண்டறியப்பட்டார். தமிழ்நாட்டில் மார்ச்சு 7 அன்று. எனவே அவ்வாண்டுப் பொங்கல் சல்லிக்கட்டுகள் எவ்விதத் தடையுமின்றி நடந்து முடிந்திருந்தன. மார்ச்சு நடுவில் கூட்டங்களுக்குக் கட்டுப்பாடு வந்தது. மார்ச்சு 24 நள்ளிரவுக்குப் பின் நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. மதுரைப் பக்கத்து ஊர்கள் இழந்தது குறைவு. பங்குனி, சித்திரையில் நாள் வைத்திருந்த ஊர்களே அவ்வாண்டு முழுவதையும் இழந்தன.

கோயம்பேடு தந்த படிப்பினை

கூட்டம் கூடும் ஓரிடம் தொலைவிலுள்ள சிற்றூர்களை எவ்வாறு பாதிக்கும் என்பதைத் தமிழ்நாட்டில் முதலில் அறிந்தவற்றுள் இவ்விரு மாவட்டங்களும் அடங்கும். சென்னை கோயம்பேடு காய்கறிச் சந்தையில் சுமை தூக்கும் தொழிலாளர்களாகவும் கடைப் பணியாளர்களாகவும் அரியலூர், பெரம்பலூர், கடலூர், விழுப்புரம் மாவட்டத்தினர் பலர் இருந்தனர். 2020 மே 5 அன்று சந்தை மூடப்பட்டது. அதற்கு முன்னும் பின்னும் அவர்கள் சரக்குந்துகளில் சொந்த ஊர் திரும்பினர். ஏப்ரல் இறுதியில் மிகச் சிலரே பாதிக்கப்பட்டிருந்த அரியலூர் மாவட்டத்தில், மே நடுவில் எண்ணிக்கை 300 ஐத் தாண்டியது. பெரம்பலூரில் 100 ஐத் தாண்டியது. பள்ளிகளும் கல்லூரிகளும் தனிமைப்படுத்தும் மையங்களாயின.

சல்லிக்கட்டுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று வாசகர் வினவலாம். சந்தையில் தொற்றியவர்களுள் பெரும்பாலோர் நோய்க்குறி ஏதும் இன்றியே ஊர் திரும்பினர். வாடிவாசலிலிருந்து திரும்புவோரும் அவ்வாறே திரும்பக்கூடும். ஆகவே களத்தில் நிற்கும் சில மணி நேரத்தைக் காட்டிலும், அதன்பின் வீட்டில் முதியோருடன் கழியும் இரண்டு வாரங்களே பாதுகாப்புக் கணக்கில் முதன்மையானவை. பின்னர் வந்த விதிகளை இக்கோணத்தில் படித்தால் அவற்றின் பொருள் எளிதில் விளங்கும்.

மாட்டுக்கு முன்பே இருந்த சான்றிதழ்

சல்லிக்கட்டு 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றத்தால் தடை செய்யப்பட்டு, 2017 சனவரிப் போராட்டத்தின் பின் மாநில அரசின் சட்டத் திருத்தத்தால் மீண்டது. (இச்சட்டத்தை உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2023 மே 18 அன்று உறுதி செய்தது.) 2017 ஆம் ஆண்டு விதிகளின்படி, அரசு அறிவிக்கும் ஊர்களில் மட்டுமே நிகழ்வை நடத்தலாம். விழாக் குழுவினர் மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும். வருவாய்த் துறை, காவல் துறை, பொதுப்பணித் துறை, தீயணைப்புத் துறை, நலவாழ்வுத் துறை ஆகியன களத்தைப் பார்வையிடும். கால்நடை மருத்துவர் ஒவ்வொரு காளையையும் ஆய்வு செய்து சான்றளித்த பின்னரே அது வாடிவாசலுக்குள் நுழையும். வீரர் காளையின் திமிலை மட்டுமே பற்ற வேண்டும்; மூன்று துள்ளல்கள் அல்லது 15 மீட்டர் தொலைவு பற்றியிருந்தால் அவர் வென்றவர் ஆவார்.

இந்த அமைப்பு 2020 க்கு முன்பே இருந்தமை பெரும் உதவியாயிற்று. கோமாரி போன்ற கால்நடைத் தொற்றுகளுக்கு அஞ்சி மாட்டைச் சோதிக்கும் வழக்கம் ஏற்கெனவே உண்டு. பெருந்தொற்று செய்தது, மாட்டின் சான்றிதழ் நின்ற வரிசையில் மனிதரின் சான்றிதழையும் சேர்த்ததே ஆகும்.

2021 ஆம் ஆண்டு விதிகள்

2020 திசம்பர் இறுதியில் தமிழ்நாடு அரசு, வரும் பொங்கலுக்குச் சல்லிக்கட்டு நடத்த இசைவளித்தது. ஒரு நிகழ்வில் 300 வீரர்களுக்கு மிகாமலும், எருது விடும் விழாவில் 150 பேருக்கு மிகாமலும் பங்கேற்கலாம். வீரர்கள் தொற்று இல்லை என்னும் ஆய்வகச் சான்று பெற வேண்டும். பார்வையாளர்கள் இடத்தின் கொள்ளளவில் பாதியளவே அனுமதிக்கப்படுவர். நுழைவாயிலில் உடல் வெப்பநிலை பார்க்கப்படும். முகக்கவசமும் தனிமனித இடைவெளியும் கட்டாயம். அப்போது மாநிலத்தின் அன்றாடப் புதிய தொற்று ஆயிரத்துக்கும் குறைவாக இருந்தது. தடுப்பூசித் திட்டமோ 2021 சனவரி 16 அன்று, அதாவது அலங்காநல்லூர் சல்லிக்கட்டு நடந்த அதே நாளில்தான், தொடங்கியது.

அவ்வாண்டுப் பருவமும் முழுமை பெறவில்லை. இரண்டாம் அலை எழுந்ததால் ஏப்ரல் 10 முதல் திருவிழாக்களுக்குத் தடை வந்தது. மே 10 முதல் முழு ஊரடங்கு. பருவத்தின் பின்பகுதியில் நாள் வைக்கும் ஊர்களுக்கு இவ்வாறு இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கைநழுவின.

2022 ஆம் ஆண்டு விதிகள்

2022 பொங்கல் ஓமிக்ரான் அலையின் ஏறுமுகத்தில் வந்தது. சனவரி நடுவில் மாநிலத்தில் நாளொன்றுக்கு 20,000 க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று கண்டறியப்பட்டு வந்தது. எனவே விதிகள் முந்தைய ஆண்டினும் கடுமையாயின. வீரர் எண்ணிக்கை முன்போலவே 300 எனவும் எருது விடும் விழாவுக்கு 150 எனவும் இருந்தது. ஆனால் பார்வையாளர் 150 பேர் அல்லது இருக்கை எண்ணிக்கையில் பாதி, இவற்றுள் எது குறைவோ அவ்வளவே. ஒரு காளையுடன் அதன் உரிமையாளரும் உதவியாளர் ஒருவரும் மட்டுமே வரலாம். இருவருக்கும் அடையாள அட்டை வேண்டும். அனைவரும் இரு தவணைத் தடுப்பூசிச் சான்றும், நிகழ்வுக்கு முந்தைய இரண்டு நாள்களுக்குள் எடுத்த ஆர்டி-பிசிஆர் சோதனைச் சான்றும் காட்ட வேண்டும். சனவரி 16 ஞாயிற்றுக்கிழமை முழு ஊரடங்கு நாளாதலால் அலங்காநல்லூர் நிகழ்வு 17 ஆம் நாளுக்கு மாற்றப்பட்டது.

விதிகளைக் கூர்ந்து நோக்கினால் சில விளைவுகள் தெரியும். 15 முதல் 18 வயதுக்கு உட்பட்டோருக்கான தடுப்பூசி 2022 சனவரி 3 அன்றுதான் தொடங்கியது. பொங்கலுக்குள் அவர்கள் இரண்டாம் தவணையை எட்டியிருக்க வழியில்லை. ஆகவே, தனியே கூறப்படாவிடினும், அவ்வாண்டு மாணவர்கள் விதிப்படி பார்வையாளராகவும் இடம்பெற இயலாது. அடுத்து, இரண்டு நாள் வரம்பு. அரசு நிலையங்களில் சோதனைக்குக் கட்டணம் இல்லை எனினும், மாதிரி கொடுத்து முடிவு கைக்கு வரும் நேரத்தையும் அதற்குள்ளேயே அடக்க வேண்டும். காளை உரிமையாளர் ஒருவர் ஒரே வாரத்தில் இரண்டு ஊர்களுக்குச் செல்வதாயின் இருமுறை சோதனை செய்துகொள்ள வேண்டும். இது தொல்லை எனினும், ஊர் ஊராகச் செல்வதைக் குறைக்கும் தடையாகவும் இது பயன்பட்டிருக்கும்.

முகக்கவசத்தைப் பொறுத்தவரை ஒன்றைச் சொல்ல வேண்டும். திமிலைப் பற்றித் தொங்கும் ஒருவர் முகக்கவசத்தைக் காத்துக்கொள்வார் என எதிர்பார்ப்பது இயல்பன்று. வீரர்கள் சுற்றுச் சுற்றாகக் களமிறக்கப்படினும், வாடிவாசலின் இருபுறமும் தோளோடு தோள் உரசியே நிற்கின்றனர். திறந்தவெளி என்பதே களத்தின் பெரும் பாதுகாப்பு. உண்மையான தடுப்பு களத்துக்கு வெளியே, சோதனைச் சாவடியில் நிகழ்ந்தாக வேண்டும்.

குதிரைப் பந்தயத்துடன் ஒப்பீடு

இங்கிலாந்தில் 2020 மார்ச்சு 10 முதல் 13 வரை நடந்த செல்டனம் குதிரைப் பந்தயத் திருவிழாவுக்கு நான்கு நாள்களில் இரண்டரை இலட்சம் பேர் வந்தனர். அதனை நடத்தியது பின்னர்க் கடுங்கண்டனத்துக்கு உள்ளானது. மார்ச்சு 18 முதல் பிரித்தானியப் பந்தயங்கள் நிறுத்தப்பட்டு, சூன் 1 அன்று நியூகாசில் திடலில் பார்வையாளர் இன்றி மீண்டும் தொடங்கின. தொடக்கத்தில் ஒரு பந்தயத்துக்கு 12 குதிரைகளுக்கு மேல் இல்லை. வருவோர் உடல்நல வினாப்படிவம் நிரப்பி வெப்பநிலைச் சோதனைக்கு உட்பட வேண்டும். குதிரையோட்டிகளும் முகத்தை மூடியே ஓட்டினர். பிரான்சு மே 11 அன்றே தொடங்கியிருந்தது. சப்பான் 2020 பிப்ரவரி 29 முதல் வெற்றிருக்கைகளின் முன் பந்தயத்தைத் தொடர்ந்து நடத்தியது. ஆங்காங்கும் பொதுமக்களை விலக்கிப் பந்தயத்தை நிறுத்தாமல் நடத்தியது.

தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயம் சென்னை கிண்டியிலும் உதகமண்டலத்திலும் நடைபெற்று வந்தது. இவ்விரு திடல்களின் நிலங்களையும் 2024 ஆம் ஆண்டில் அரசு திரும்ப எடுத்துக்கொண்டது.

குதிரைப் பந்தயத்தின் வருவாய் பந்தயப் பணத்திலிருந்து வருவது. பந்தயம் கட்டுவோர் வீட்டிலிருந்தே கட்டக்கூடிய நாடுகளில், இருக்கைகள் வெறிதாயினும் தொழில் ஓடுகிறது. சல்லிக்கட்டில் நுழைவுச் சீட்டு வருவாயோ பந்தயப் பணமோ இல்லை. செலவு ஊர் வரியும் நன்கொடையும் ஆகும். பரிசாகத் தருவது அண்டா, மிதிவண்டி, கட்டில் போன்ற பொருள்கள். கூட்டமாக நிற்போர் பெரும்பாலும் அவ்வூராரும் அவர்தம் உறவினருமே. அவர்களை விலக்குவது என்பது ஊரை ஊரிலிருந்து விலக்குவதாகும். எனவே பிரித்தானிய முறையை அப்படியே இங்குப் பெயர்த்து நடுதல் இயலாது. வெளியூர்ப் பார்வையாளரைத் தடுத்து, உள்ளூராரைச் சான்றுடன் அனுமதிப்பதே நடைமுறைக்கு ஒத்த வழியாக இருந்தது. மதுரையில் 2022 இல் இவ்வாறே செய்யப்பட்டது. ஏனையோர் தொலைக்காட்சியிலும் இணையத்திலும் காணுமாறு கேட்டுக்கொள்ளப்பட்டனர்.

நோய் விலங்கினுடையதாக இருப்பின் நிலைமை வேறு. 2007 இல் ஆத்திரேலியாவில் குதிரைச் சளிக்காய்ச்சல் பரவியபோது நியூ சவுத் வேல்சு, குயின்சுலாந்து மாநிலங்களில் குதிரைகளின் நடமாட்டமே தடை செய்யப்பட்டது. கோவிட்-19 இல் காளையால் ஊறு இல்லை. அதன் கயிற்றைப் பிடித்து வருபவரிடமே கவனம் தேவைப்பட்டது.

காளை வளர்ப்போர்

சல்லிக்கட்டுக் காளை ஏருக்கோ வண்டிக்கோ பூட்டப்படுவதில்லை. ஆண்டு முழுவதும் அதற்குப் பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, தவிடு முதலியன இடவேண்டும். நடைப்பயிற்சி, நீச்சல், மண்மேட்டைக் கொம்பால் குத்தும் பயிற்சி ஆகியனவும் தரவேண்டும். இதனைச் செய்வோர் பெரும்பாலும் சிறு உழவரும் கூலித் தொழிலாளருமே. ஊரடங்கில் கூலி நின்றபோதும் தீவனச் செலவு நிற்கவில்லை. வாடிவாசல் காணாத காளைக்கு விலையும் பெயரும் இல்லை. ஆகவே நிகழ்வை மீண்டும் நடத்துவது இவர்களுக்குப் பொழுதுபோக்கு அன்று. காளையை வைத்துக்கொள்வதா விற்பதா என்னும் கேள்வியாகும்.

மருத்துவ வசதி

தொற்று விதிகள் பழைய ஆபத்தை மாற்றவில்லை. 2022 சனவரி 14 அன்று அவனியாபுரத்தில் பார்வையாளராக நின்ற 18 வயது இளைஞர் ஒருவர் மாடு குத்தி உயிரிழந்தார். சல்லிக்கட்டு நடக்கும் நாளில் குடல், தொடை, மார்புக் காயங்களுக்கு அறுவை மருத்துவமும் குருதியும் அணியமாக இருக்க வேண்டும். பெருந்தொற்றின் உச்சத்தில் அதே படுக்கைகளும் அதே மருத்துவர்களும் நோயாளிகளுக்குத் தேவைப்பட்டனர். பெருந்தொற்று தொடங்கியபோது பெரம்பலூர், அரியலூர் இரண்டிலும் அரசு மருத்துவக் கல்லூரி இல்லை. கடுங்காயமுற்றோர் திருச்சிராப்பள்ளிக்கோ தஞ்சாவூருக்கோ கொண்டு செல்லப்பட வேண்டியிருந்தது. அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரி 12 அன்று, அவ்வாண்டுப் பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னர், மாநிலத்தின் ஏனைய பத்துப் புதிய கல்லூரிகளுடன் சேர்த்துத் திறக்கப்பட்டது.