பொதுக் கட்டடங்களும் எரிசக்திச் சிக்கனமும்

சிங்கப்பூரின் வரலாற்றைத் துறைமுகத்தின் வரலாறாக எழுதியோர் பலர். அதனை மின்விளக்கின் வரலாறாகவும் எழுதலாம். 1906ஆம் ஆண்டில் நகரத் தெருக்களில் மின்விளக்குகள் ஒளிரத் தொடங்கியபோது, அதற்கான மின்சாரத்தை நகராட்சிக்கு விற்றது டிராம் வண்டி நிறுவனமாகும். அதன் மின்நிலையம் மெக்கன்சி சாலையில், இன்று லிட்டில் இந்தியா என வழங்கும் வட்டாரத்தின் ஓரத்தில் இருந்தது. 1927இல் நிலக்கரியால் இயங்கிய செயின்ட் ஜேம்ஸ் மின்நிலையம் தோன்றிற்று. பின்னர் எண்ணெயும், அதன்பின் இயற்கை எரிவாயுவும் வந்தன. எரிபொருள் மாறியதேயன்றி எரிக்கும் முறை மாறவில்லை. இன்றும் நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு எரிவாயுவிலிருந்தே பெறப்படுகிறது. ஓர் அலகு மின்சாரம் செலவாகும்போது ஏறத்தாழ 0.4 கிலோகிராம் கரியமிலவாயு காற்றிற் கலக்கின்றது.

குளிரூட்டியின் வருகை

1959இல் பிரதமர் பொறுப்பேற்ற திரு. லீ குவான் இயூ, தாம் முதலிற் செய்த பணிகளுள் ஒன்று அரசாங்க ஊழியர் பணியாற்றும் கட்டடங்களிற் குளிரூட்டிகளை அமைத்தமையே எனப் பிற்காலத்தில் கூறினார். வெப்பமண்டலத்தில் நிருவாகம் திறம்பட நடைபெற அதுவே உதவிற்று என்பது அவர்தம் கருத்து. பின்னர் வங்கிகளும் கடைத்தொகுதிகளும் இல்லங்களும் அவ்வசதியை நாடின. இவ்வாறு வளர்ச்சிக்குத் துணைநின்ற குளிரூட்டியே இன்று மின்சாரத்தைப் பெரிதும் விழுங்கும் கருவிகளுள் ஒன்றாக விளங்குகிறது. தொடக்கத்தில் அதனை நாடிய அரசுத்துறைக்கே அதன் பயன்பாட்டை அளவுபடுத்தும் கடமையும் முதலில் உரியதாகிறது.

சிக்கனத்தின் தொடக்கம்

1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடி உலகை விழிக்கச் செய்தது. 1979இல் சிங்கப்பூர், குளிரூட்டப்பட்ட கட்டடங்களின் சுவர், கண்ணாடி ஆகியவற்றின் வழியே புகும் வெப்பத்திற்கு வரம்பு விதித்தது. அன்று நோக்கம் பணத்தைச் சேமிப்பதே. பருவநிலை பற்றிய கவலை பின்னர் வந்தது. 2005இல் கட்டட, கட்டுமான ஆணையம் பசுமைக் கட்டடங்களுக்குத் தரச்சான்று வழங்கலாயிற்று. 2009இல் பிராடல் சாலையிலுள்ள அதன் பயிற்சிக் கழக வளாகத்தில், பழைய கட்டடமொன்று புதுப்பிக்கப்பட்டுத் திறக்கப்பட்டது. ஓராண்டில் தான் செலவிடும் மின்சாரத்தைத் தன் சூரியத் தகடுகளாலேயே ஈடுசெய்யும் வண்ணம் அது அமைக்கப்பட்டது.

2021இல் அரசுத்துறை தனக்கென இலக்குகளை வகுத்தது. 2018 முதல் 2020 வரையிலான சராசரியைக் காட்டிலும் எரிசக்தி, நீர்ப் பயன்பாட்டை 2030க்குள் 10 விழுக்காடு குறைப்பது அவற்றுள் ஒன்று. கரிம வெளியேற்றத்தை 2045ஆம் ஆண்டளவில் நிகரச் சுழியமாக்குவது பின்னர் வகுக்கப்பட்ட இலக்காகும். நாடு முழுவதற்குமான இலக்காண்டு 2050 ஆகும்.

செங்காங்கின் கூரைகள்

இவ்விலக்குகளின் அருமையை உணரச் செங்காங் நகரை நோக்குதல் தகும். கங்கார் என்னும் மீனவர் சிற்றூர் இருந்த இப்பகுதியில் 1990களின் பிற்பாதியில் அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 2008இல் வேறு இரு பேட்டைகளில் சூரியத் தகடுகளைச் சோதித்துப் பார்த்தது. 2014இல் பல அரசு அமைப்புகளின் தேவைகளை ஒன்றுதிரட்டித் தகடுகள் பொருத்தும் திட்டம் தொடங்கிற்று. இன்று செங்காங்கின் கூரைகளிலும் அத்தகடுகளைக் காணலாம்.

ஆயினும் உயர்ந்த கட்டடத்திற்குக் கூரை ஒன்றே. அதன்கீழ் வாழும் குடும்பங்களோ நூறு அளவில் உள்ளன. ஆதலின் அக்கூரை தரும் மின்சாரம் பகற்பொழுதில் மின்தூக்கி, நடைபாதை விளக்கு, நீரேற்றும் விசை முதலிய பொதுத் தேவைகளுக்கே முதலிற் செல்கிறது. நிலம் சிறுத்த நாடாகையால், தெங்கே நீர்த்தேக்கத்தின் நீர்ப்பரப்பிலும் 2021இல் ஒரு இலட்சத்து இருபத்தீராயிரம் தகடுகள் மிதக்கவிடப்பட்டன. அவற்றின் மின்சாரம் நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களின் தேவையை ஈடுசெய்கிறது.

எல்லாப் பொதுக் கட்டடங்களிலும் ஒரே அளவாகச் செலவைக் குறைத்தல் இயலாது. 2018இல் இயங்கத் தொடங்கிய செங்காங் பொது மருத்துவமனையின் அறுவைக்கூடமும் மருந்தறையும் இரவுபகலாகக் குளிர்ந்திருத்தல் வேண்டும். நோயாளியின் நலத்தைச் சிக்கனத்திற்குப் பலியிடுதல் அறமன்று. எனவே குறைக்கக்கூடிய இடங்களாகிய அலுவலகங்களும் கூட்ட அரங்குகளும் கூடுதலாகக் குறைத்தாக வேண்டும். குளிரூட்டியை 25 பாகை அல்லது அதற்கு மேல் வைக்குமாறு 2024 முதல் வலியுறுத்தப்படுவது இதன்பொருட்டே.

பள்ளிகளின் பங்கு

பள்ளிகளும் பொதுக் கட்டடங்களே. பள்ளித் துறையின் நிகரக் கரிம வெளியேற்றத்தை 2030க்குள் மூன்றில் இரு பங்கு குறைப்பதும், ஐந்தில் ஒரு பங்குப் பள்ளிகளையேனும் கரிமச் சமநிலை எய்தச் செய்வதும் பசுமைத் திட்டம் 2030 கூறும் இலக்குகளாகும். தகடு பொருத்துதல் பொறியாளர் பணி. ஆளில்லா வகுப்பறையில் விளக்கும் விசிறியும் இயங்குவதை நிறுத்துதல் மாணவர் பணி; அதனைப் பழக்கமாக்குதல் ஆசிரியர் பணி. அளவறிந்து வாழ்தலைத் தமிழ்ப் பாடத்தில் கற்பிக்கும் வகுப்பறை, அவ்வறத்தைத் தன் மின்கட்டணச் சீட்டிலும் காட்டுதல் வேண்டும்.